அளவு நாடாவும் ஒரு பிணமும்

நேயர்களுக்கு வணக்கம்.

துப்பறியும் கதை பற்றிப் பேச வாருங்கள் என்று அழைத்தார்கள். எந்தத் துப்பறிவாளர் என்று யாரும் கேட்கவில்லை. அதனால் எனக்குப் பிடித்தவரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பெயர் ஸ்டான் கிரேச்சிக். பாஸ்டன் நகரத்துச் சிகையலங்காரக்காரர். ஆண்களை நேசிக்கும் ஆண். கத்தரியைவிட நாக்கு கூர்மை. கிராண்ட் மைக்கேல்ஸ் 1990இல் எழுதிய நாவலில் அறிமுகமானார். அதன் தலைப்பே குறும்பு: ஆங்கிலத்தில் சாயம் பூசுவதற்கும் சாவதற்கும் ஒரே ஒலி. தலைச்சாயமும் தலைவிதியும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டன.

ஆண்களை நேசிக்கும் துப்பறிவாளர்களில் இவருக்கு முன்னோடிகள் உண்டு. 1966இல் ஜார்ஜ் பாக்ஸ்ட், ஃபேரோ லவ் என்ற கறுப்பினக் காவல் துப்பறிவாளரைக் கொண்டுவந்தார். 1970இல் ஜோசப் ஹான்சன் படைத்த டேவ் பிராண்ட்ஸ்டெட்டர், காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சாவுகளைப் புலனாய்பவர். கண்ணியமானவர், சிரிப்பு குறைவு. அவர்மீது மதிப்பு உண்டு. ஆனால் ராத்திரி ரயிலில் பக்கத்து இருக்கைக்கு வேண்டாம். 1980இல் இருவர் சேர்ந்து நேதன் ஆல்டைன் என்ற புனைபெயரில் எழுதியபோதுதான் கச்சேரி களைகட்டியது. மதுக்கூடத்தில் வேலை பார்க்கும் டேனியல் வாலன்டைனும் அவருடைய தோழி கிளாரிஸும் வம்பளந்தபடியே கொலையாளியைத் தேடுகிறார்கள்.

போலீஸ் இருக்க, இவர்களுக்கு ஏன் இந்த வேலை? ஆல்டைனின் அந்த நாவலில் கொல்லப்படுகிறவன் தெருவில் உடலை விற்றுப் பிழைக்கும் இளைஞன். அவனுக்காக யார் மெனக்கெடப்போகிறார்கள்? அமெரிக்கா முழுவதும் ஒரே பாலினத்தாரின் உறவு குற்றமில்லை என்று ஆனதே 2003இல்தான். காவல் நிலையத்தைக் கண்டால் எதிர்ச்சாரிக்கு மாறி நடக்கிறவர்கள், தங்கள் வீட்டுச் சாவைத் தாங்களே விசாரித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நமக்கு அந்த ஆண்டு 2018. அதன் பிறகும்கூட, மதுரையிலிருந்து சென்னைக்குப் போய்ச் சேர்ந்து வாழ முயன்ற இரண்டு பெண்களைக் காணவில்லை என்று வீட்டார் புகார் கொடுத்தார்கள், போலீஸ் தேடியது. ஒளிந்திருந்தவர்கள் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இதைப் பற்றித் தமக்கே தெளிவு வேண்டும் என்று உளவியலாளரிடம் அமர்ந்து பேசிவிட்டு, 2021 ஜூனில் அவர்களைக் காக்கும் உத்தரவைப் போட்டார். தனக்குத் தெரியாது என்று சொல்லும் புலனாய்வாளரைக் கதையில்கூட நான் அதிகம் பார்த்ததில்லை.

சிரிப்புக்கு வருகிறேன். இந்த நாவல்களின் சிரிப்பு ஒரு தனி ஜாதி. எதுவும் ஒரு மாற்றுக் கூடுதலாக இருக்கும்: சட்டையின் நிறம், பெருமூச்சு, காதல் தோல்வி. 1964இல் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சான்டாக் இந்த ரசனையைப் பற்றி எழுதிய கட்டுரையில், இது எதையும் மேற்கோள்குறிக்குள் வைத்துப் பார்க்கும் என்றார். விளக்கு வெறும் விளக்காக இருக்காதாம். மதுரைக்காரருக்கு இதை விளக்கவா வேண்டும்? சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் இங்கே பாலர் நாடக சபை தொடங்கினார். பையன்களே ஸ்திரீபார்ட். அதில் வளர்ந்த டி.கே. சண்முகம் பிற்பாடு கிழவி வேடம் கட்டியே அவ்வை சண்முகம் ஆனார். சேலை கட்டிய ஆணைக் கண்டு இந்த ஊர் கை தட்டியிருக்கிறது, கண்ணீரும் விட்டிருக்கிறது. பிறகு நம் திரைப்படங்கள் அந்த நளினத்தை எடுத்து உதை வாங்கும் பாத்திரத்துக்குக் கொடுத்துவிட்டன. அந்தக் காட்சிகளுக்கு நானும் சிரித்தவன்தான். இப்போது நினைத்தால் கூசுகிறது. ஸ்டானின் கதையிலோ நகைச்சுவை அவர் வாயிலிருந்து வருகிறது. அடி வேறு யாருக்கோ விழுகிறது.

தேவனின் துப்பறியும் சாம்பு அசட்டுத்தனத்தால் ஜெயித்தவர். எனக்கு வேண்டியவர் அசடு அல்லர். யார் பார்க்கிறார்கள், யாருக்குத் தெரியும், யார் தெரியாதது போல் நடிக்கிறார்கள் என்று பதினைந்து வயதிலிருந்து கணக்குப் போட்டே பழகியவருக்குத் துப்பறிவதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படி ஒருவரை நானே எழுதத் தொடங்கியிருக்கிறேன். புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே தையல் இயந்திரங்கள் வரிசையாக ஓடிய காலம். ஐம்பது வயதுத் தையற்காரர், கல்யாணமாகாதவர். ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களின் ரவிக்கை ஒரு வாரம் தாமதமாகும். இடுப்பு அளவு கூடியதும் குறைந்ததும் புருஷனுக்கு முன்னால் அவருக்குத் தெரியும். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் செத்து விழ வேண்டும். அவர் போட்டிருக்கும் சட்டை வேறொருவர் அளவுக்குத் தைத்தது என்பதை இவர் மட்டும் கண்டுபிடிக்க வேண்டும். திட்டம் அதுதான்.

மூன்று அத்தியாயம் முடிந்துவிட்டது. அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். பிணம் மட்டும் இன்னும் விழவில்லை. என் தையற்காரர் எதிர்க்கடைப் பாத்திர வியாபாரிக்குச் சட்டை அளவு எடுத்துக்கொண்டிருக்கிறார், மூன்றாவது தடவையாக.

வணக்கம்.