சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்

(ஆசிரியர் தினத்தையொட்டிக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் முன்னாள் மாணவர்கள் கூடிய விழாவில் நான் ஆற்றிய உரை. பேசியது பேசியபடியே இருக்கிறது. ஒலிபெருக்கி கரகரத்தபோது விட்டுப்போன சில வரிகளை மட்டும் சேர்த்திருக்கிறேன். டத்தோ, டான் ஸ்ரீ என்பவை மலேசியாவில் வழங்கும் கௌரவப் பட்டங்கள். படிவம் என்பது இடைநிலைப்பள்ளி வகுப்பு.)

விழாத் தலைவர் டத்தோ அவர்களே, ஆயிரம் அலுவல்களுக்கிடையே வந்திருக்கும் மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே, நிகழ்ச்சி முடியும்வரை இருப்பேன் என்று வாசலில் என் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தீர்கள். அதைச் சபையறியச் சொல்லிவிட்டேன். இனி நீங்கள் எழுந்து போக முடியாது. முன்வரிசையை அலங்கரிக்கும் பேராசிரியப் பெருமக்களே, ஓய்வு பெற்ற பின்னும் ஓயாத தலைமையாசிரியர்களே, பத்திரிகை நண்பர்களே, உள்ளே வடை சுட்டுக்கொண்டே காதை மட்டும் இங்கே அனுப்பியிருக்கும் சகோதரிகளே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய டான் ஸ்ரீ அவர்கள் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகளுக்கு நன்றி. அவற்றில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று என் மனைவியைக் கேட்காதீர்கள். எனக்குப் போர்த்திய பொன்னாடையை, முன்வரிசையில் கைத்தடியோடு அமர்ந்திருக்கும் என் பேராசிரியருக்கு அணிவித்துவிட்டுத்தான் தொடங்குவேன். ஐயா, எழுந்திருக்க வேண்டாம், நானே வருகிறேன்.

நன்றி. கல்லூரிப் பேராசிரியர்கள் மாணவர்களின் வாழ்க்கையை எப்படி உருவாக்குகிறார்கள் என்பது எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. இதை மூன்றாகப் பகுத்துப் பேச எண்ணியிருக்கிறேன். வகுப்பறைக்கு வெளியே பேராசிரியர் தருவது என்ன என்பது ஒன்று. படிப்பு முடிந்த பிறகு அவர் எப்படி வழிகாட்டியாகத் தொடர்கிறார் என்பது இரண்டு. மாணவன் அவருக்குப் பட்ட கடனை எப்படித் தீர்ப்பது என்பது மூன்று.

எங்கள் ஊர்ப் பாட்டிமார் எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்வார்கள்: சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். ஆசிரியரைப் பற்றிப் பேச இதைவிட நல்ல வாசகம் எனக்குக் கிடைக்கவில்லை. அவரிடம் இருப்பதுதானே நமக்கு வரும்?

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தியாகராச செட்டியார் தமிழாசிரியராக இருந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். 1880ஆம் ஆண்டில் தம் வேலையை விட்டு ஓய்வு பெற நினைத்தபோது, அந்த இடத்துக்கு யாரைக் கொண்டுவரலாம் என்று தேடினார். தம் உறவினரைத் தேடவில்லை. தம் ஊர்க்காரரைத் தேடவில்லை. தம் ஆசிரியரிடம் கடைசிக் காலத்தில் பாடம் கேட்ட ஓர் இளைஞரைத் திருவாவடுதுறை மடத்திலிருந்து அழைத்து வந்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். அவர்தான் உ.வே.சாமிநாதையர். மடம் அவரை விட மனமில்லாமல்தான் விட்டது. அந்தக் கும்பகோணத்தில்தான் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார், அந்தச் சந்திப்பிலிருந்துதான் சீவக சிந்தாமணிப் பதிப்பு பிறந்தது, 1887இல் அச்சேறியது. அதன் பின்னால் வந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஒரு பேராசிரியர் தம் நாற்காலியைச் சரியான ஆளுக்குக் கொடுத்தார். தமிழுக்குச் சங்க நூல்கள் கிடைத்தன. செட்டியாரின் பெயரை இன்று எத்தனை பேர் சொல்கிறோம்?

நம் நாட்டுக்கு வருவோம். தனிநாயகம் அடிகள் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் பிறந்தவர். உரோமில் படித்துக் கத்தோலிக்கக் குருப்பட்டம் பெற்றவர். அந்த மேதை தமிழை முறையாகப் படித்தது எப்போது தெரியுமா? திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துப் பள்ளியில் வேலை பார்த்தபோது, அங்கிருந்த பண்டிதர் ஒருவரிடம் மாணவனாக உட்கார்ந்து படித்தார். பிறகுதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், பிறகு இலண்டன். 1961இல் இங்கே மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக வந்தார். அவர் முயற்சியால் 1966 ஏப்ரலில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு முதன்முதலாக நடந்தது சென்னையில் அல்ல, மதுரையில் அல்ல, இதே கோலாலம்பூரில். உலகத் தமிழறிஞர்கள் நம் ஊருக்கு வந்து இறங்கினார்கள். வடக்கன்குளத்துப் பண்டிதர் அந்தச் சட்டியில் போட்டது கோலாலம்பூரில் அகப்பையில் வந்தது.

பெரிய மனிதர்களின் கதை போதும். என் நண்பன் ஒருவனின் கதையைச் சொல்கிறேன். அவனும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறான். பெயரைச் சொன்னால் வெளிநடப்புச் செய்துவிடுவதாக மிரட்டியிருக்கிறான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. கோலசிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்தவன் அவன். அவன் தோட்டத்திலிருந்து அதுவரை யாரும் பல்கலைக்கழகத்தின் பக்கமே வந்ததில்லை. இரண்டாம் ஆண்டில் ஒருநாள் ஊரிலிருந்து செய்தி வந்தது: ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் அப்பா, தோளில் காண்டாக் கம்பும் பால் வாளியுமாக மழை ஈரத்தில் சறுக்கி விழுந்து கால் முறிந்து கிடக்கிறார். இவன் அன்றிரவே முடிவு செய்துவிட்டான். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்து, “குடும்பச் சூழ்நிலை காரணமாக படிப்பை தொடர முடியாது என்பதை தாழ்மையுடன் தெரிவித்து கொள்கிறேன்” என்று எழுதிக் கொண்டுபோய்ப் பேராசிரியரின் மேசையில் வைத்தான்.

பேராசிரியர் படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். ‘காரணமாகப்’ என்று ஒரு ப். ‘படிப்பைத்’ என்று ஒரு த். ‘என்பதைத்’ என்று இன்னொரு த். ‘தெரிவித்துக்’ என்று ஒரு க். ஒரே வாக்கியத்தில் நான்கு ஒற்று! “தமிழ் படித்தவன் படிப்பை விடுவதாக இருந்தாலும் பிழையில்லாமல் விட வேண்டும். திருத்தி எழுதி வா” என்றார்.

இவன் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் விடுதிக்கு வந்து திருத்தி எழுதிக்கொண்டு போனான். “ஒற்றுச் சரி. ஆனால் சூழ்நிலை என்று எழுதியிருக்கிறாயே, என்ன சூழ்நிலை? மழையா, வெயிலா? விளக்கமாக எழுது.” மூன்றாவது கடிதத்தில் அப்பாவின் கால் வந்தது, தோட்டத்துக் கடையில் இருந்த கடன் வந்தது, மூன்றாம் படிவம் படிக்கும் தங்கை வந்தாள். “கடன் எவ்வளவு என்று காணோமே?” என்று அதுவும் திரும்பி வந்தது. நான்காவது கடிதம் ஒன்றரைப் பக்கம். கடைக்கணக்கு, தங்கையின் பஸ் கட்டணம், அப்பாவுக்கு எப்போது கட்டுப் பிரிப்பார்கள் என்பது வரை எழுதியிருந்தான். பேராசிரியர் முழுதும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“எல்லாம் சரியாக இருக்கிறது தம்பி. தலைப்புத்தான் தவறு. இது படிப்பை விடும் கடிதம் அல்ல. உதவி கேட்கும் விண்ணப்பம். தலைப்பை மாற்றிக் கொண்டு வா, நான் கையெழுத்துப் போடுகிறேன்.”

கை தட்டுங்கள், தட்ட வேண்டிய இடம்தான். ஆனால் கதை முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தம் பழைய மோரிஸ் மைனர் காரில் இவனையும் என்னையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் புறப்பட்டார். செம்மண் சாலையில் அந்தக் கார் பட்ட பாட்டைத் தனியாகப் பேசலாம். கார் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் நின்றதும் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். இவன் அப்பா கட்டுப்போட்ட காலோடு எழுந்து நிற்கப் பார்த்தார். பேராசிரியர் அவரைத் தோளில் கை வைத்து உட்கார வைத்துவிட்டுப் பக்கத்திலேயே பலகையில் உட்கார்ந்தார். பால் சேர்க்காத தேநீர் வந்தது. அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்: “பையன் ஒழுங்காகப் படிக்கிறானா ஐயா?”

“நன்றாகப் படிக்கிறான். ஒற்று மட்டும் போட மாட்டேன் என்கிறான்.”

அப்பாவுக்கு ஒற்று என்றால் என்னவென்று தெரியாது. ஆனாலும் மகன் பக்கம் திரும்பிப் போட்டார் ஓர் அதட்டு: “ஐயா இவ்வளவு தூரம் வந்து கேட்கிறார், போட்டுத் தொலைத்தால் என்ன!”

அன்று அந்த லயமே சிரித்தது. பேராசிரியர் தோட்டத்து அலுவலக எழுத்தரான கிராணியிடம் பேசினார், கடைக்காரரிடம் பேசினார். இவனுக்கு நூலகத்தில் பழைய தமிழ்ப் பத்திரிகைகளை அடுக்கிப் பட்டியலிடும் பகுதிநேர வேலை கிடைத்தது. படித்து முடித்தான், ஆசிரியரானான், தலைமையாசிரியரானான். ஓய்வு பெறும் நேரத்தில் தன் ஓய்வுக் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து நீட்டி, “ஒற்று எல்லாம் சரியாக இருக்கிறதா பார்” என்றான். அது மலாயில் எழுதிய கடிதம்!

அந்தப் பேராசிரியரிடம் பாடம் மட்டும் இருந்திருந்தால் எங்களுக்குப் பாடம் மட்டும்தான் வந்திருக்கும். அவரிடம் அதற்கு மேலும் இருந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

மணி அடிக்கிறார்கள். நேரக் காப்பாளர் என் மாணவர்தான், ஆனாலும் இரக்கமில்லை. இரண்டாவது, மூன்றாவது கருத்துகளை எனக்குப் பின் பேசவிருக்கும் பேராசிரியை அம்மையாரிடம் ஒப்படைக்கிறேன். என்னைவிட அழகாகச் சொல்வார். எனக்குக் கிடைத்திருக்கும் மிச்ச நேரத்தை வேறொன்றுக்குச் செலவிட வேண்டும். என்னை அறிந்தவர்களுக்கு அது என்னவென்று ஏற்கெனவே தெரியும். அதோ, நண்பர் சிரிக்கிறார். சிரியுங்கள். ஐந்தாம் படிவ முடிவில் பிள்ளைகள் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழும் தமிழ் இலக்கியமும்.

பேராசிரியர்களின் பெருமையை மாலைவரை பேசலாம். அவர் முன்னால் உட்கார மாணவன் எங்கிருந்து வருவான்? மலாயாப் பல்கலைக்கழகத்தில் துறை இருக்கிறது. தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கல்வி இருக்கிறது. ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் காலெடுத்து வைத்ததும் தமிழை வாசலில் விட்டுவிட்டுப் போனால் இந்தத் துறைகளின் நாற்காலிகளில் யார் உட்காருவார்கள்? பேராசிரியர் எவ்வளவு பெரியவராக இருந்து என்ன பயன்? இங்கேயும் அதே பழமொழிதான். சட்டி பல்கலைக்கழகம் என்றால் அதில் விழ வேண்டிய அரிசி ஐந்தாம் படிவத்திலிருந்துதான் வர வேண்டும்.

பெற்றோர்கள் என்னிடம் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்று: “இலக்கியம் எடுத்தால் ஏ குறைந்துவிடும் சார்.” நான் கேட்கிறேன், இலக்கியத் தாளில் இருப்பது என்ன? சில கவிதைகள், ஒரு நாவல், ஒரு நாடகம். கூடுதல் கணிதத்துக்கு வாரம் மூன்று டியூஷன் அனுப்பும் அப்பா, ஒரு நாவலைப் படிக்கப் பிள்ளைக்கு நேரமில்லை என்கிறார். அந்தப் பிள்ளை கைப்பேசியில் செலவிடும் நேரத்தை நான் இங்கே கணக்குப் போட விரும்பவில்லை. அம்மாக்கள் ஏற்கெனவே தலையாட்டிவிட்டார்கள். 2009ஆம் ஆண்டில், எஸ்.பி.எம்.மில் பத்துப் பாடங்களுக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற அறிவிப்பு வந்தபோது, தமிழும் இலக்கியமும் விடுபட்டுவிடுமே என்று நாடு முழுதும் தமிழர்கள் கொதித்தெழுந்தோம். கூடுதலாக எடுக்க வழியும் பிறந்தது. கேட்டுப் பெற்ற வழியில் நடக்க ஆளில்லை என்றால், அடுத்த முறை எந்த முகத்தோடு கேட்பது?

ஐம்பதுகளில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கும் காலத்தில், முதலிடம் தமிழுக்கா சமஸ்கிருதத்துக்கா என்ற வழக்கு எழுந்தது. தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ.சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று ஒரு நிதி திரட்டினார். அந்த நிதிக்குப் பணம் கொடுத்தவர்கள் யார்? பெரும்பாலோர் டத்தோக்கள் அல்லர், டான் ஸ்ரீக்கள் அல்லர். மேடையிலுள்ளவர்கள் மன்னிக்க வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத தொழிலாளர்களும் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். என் நண்பன் பத்திரிகை அடுக்கிக் கூலி வாங்கிய காலத்தில் அந்த ஒற்றைக் காசுகளைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இன்று உங்களிடம் காசு கேட்கவில்லை. கையெழுத்து மட்டும் கேட்கிறேன்.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, ஒரு பள்ளியில் பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தாய்மொழி வகுப்பு நடத்தலாம். பதினைந்து பேர்! ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு வரிசை. முப்பது தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில்கூட வகுப்பு இல்லை என்று ஓர் அம்மா என்னிடம் வருத்தப்பட்டார். எத்தனை பேர் எழுதிக் கேட்டீர்கள் என்றேன். யாரும் கேட்கவில்லை. கேளாமல் எந்தப் பள்ளி முதல்வர் கூப்பிட்டுத் தருவார்?

மாண்புமிகு அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இலக்கிய வகுப்பு பெரும்பாலும் பள்ளி நேரத்துக்கு வெளியே, சனிக்கிழமைகளில்தான் நடக்கிறது. வகுப்பறைச் சாவிக்காகப் பாதுகாவலரிடம் காத்து நிற்கும் ஆசிரியரை நான் பார்த்திருக்கிறேன். சாவி ஆசிரியர் கையில் இருக்கும்படி உங்கள் தொகுதிப் பள்ளிகளில் பேசிக் கொடுங்கள். நிதி ஒதுக்கீடு வேண்டாம், கட்டடம் வேண்டாம், சாவி போதும். டத்தோ அவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: இலக்கியப் பாடநூல்களை வாங்கிக் கொடுக்கும் பொறுப்பைச் சென்ற ஆண்டு மேடையில் ஏற்றுக்கொண்டீர்கள். இந்த ஆண்டும் ஏற்றுக்கொள்வீர்கள் என்று நான் நம்புவதாகச் சபையோர் குறித்துக்கொள்ளட்டும்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒன்று. மாணவர் சேர்க்கை குறைகிறது என்று அறிக்கை எழுதும் நேரத்தில், ஆண்டுக்கு ஒருமுறை ஏதேனும் ஓர் இடைநிலைப்பள்ளிக்குப் போய் நான்காம் படிவப் பிள்ளைகள் முன்னால் அரைமணி நேரம் பேசுங்கள். எங்கள் பேராசிரியர் மோரிஸ் மைனரில் செம்மண் சாலைக்கே போனார். உங்களிடம் நல்ல கார் இருக்கிறது, நல்ல சாலையும் இருக்கிறது.

மறுபடியும் மணி. இறங்குகிறேன். மண்டபத்தின் பின்வாசலில், வடை வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்து மேசையில் தாய்மொழி வகுப்புக் கோரிக்கைக் கடிதங்கள் அச்சடித்து வைத்திருக்கிறோம். பிள்ளையின் பெயர், படிவம், பள்ளி, உங்கள் கையெழுத்து, அவ்வளவுதான். வேலை நாளில் நானே பள்ளிகளில் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். ஒற்றுப் பார்க்க என் நண்பன் அங்கே உட்கார்ந்திருப்பான். முதலில் மேசைக்குப் போங்கள், பிறகு வடைக்குப் போங்கள். நன்றி, வணக்கம்.