அரை கிரவுண்டு வீட்டுக்கும் ஒரு கூரை விதி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. மதியம் இரண்டு மணி, சென்னை, மொட்டை மாடி. செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கச் சொல்லாதீர்கள், முடியாது. இன்று பசுமைக் கட்டடம் பற்றிப் பேசப்போகிறேன். பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிச் சுவரும் வரவேற்பறையில் தரச்சான்றுத் தகடுமாக நிற்கும் அலுவலகங்களை விட்டுவிடுவோம், அவற்றைப் புகழ ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு இந்தத் தளத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ஐந்து அங்குலக் கான்கிரீட் காலையிலிருந்து வெயிலை வாங்கிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சூடு கீழ்ப்பக்கம் வந்துசேர மணிக்கணக்காகும். அதனால்தான் கடற்காற்று வீசி வெளியே இதமான பிறகும், இரவு ஒன்பது மணிக்கு மேல்மாடிப் படுக்கையறை அனல் கக்குகிறது. மின்விசிறி அந்த அனலைத்தான் நம் மேல் தள்ளும். பிறகென்ன, தவணையில் ஓர் ஏசி. அது அறையின் சூட்டையும், தான் இழுத்த மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்துத் தெருவில் கொட்டுகிறது. பக்கத்து வீட்டார் ஜன்னலைச் சாத்துகிறார்கள். அடுத்த கோடையில் அவர்கள் வீட்டிலும் ஏசி.

இதில் ஓர் அநியாயம் உண்டு. மேல்மாடியில் பெரும்பாலும் வாடகைக்கு இருப்பவர்கள்தான் குடியிருப்பார்கள். மின் கட்டணம் அவர்கள் தலையில். தளத்தைச் சரிசெய்யும் உரிமை வீட்டு உரிமையாளர் கையில். அவர் ஏன் செலவு செய்யப்போகிறார்? எல்லாவற்றையும் தனிமனிதரின் நல்ல மனதுக்கு விட்டுவிட்டால் போதும் என்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்த ஒன்றுதான்.

தளத்தை என்ன செய்யலாம்? அந்தக் காலத்துக் கொத்தனார்கள் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை விட்டு, கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதித்தார்கள். சுருக்கித் தளம் என்போம். மழைநீர் இறங்காமல் இருக்கப் போட்டது, சூட்டையும் ஓரளவு தடுத்தது. இப்போது அதற்கு ஆள் கிடைப்பது கடினம். எளிய வழி, வெயிலை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அல்லது வெள்ளை ஓடு. பசை கலந்த சுண்ணாம்பு மலிவு, ஆனால் வடகிழக்குப் பருவமழையில் கரைந்துவிடும். தை, மாசியில் அடித்தால்தான் கோடைக்கு உதவும். எந்த வெள்ளையானாலும் தூசி படிந்தால் பலன் குறையும், கழுவ வேண்டும்.

சட்டம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. மத்திய மின்துறை அமைச்சகம் 2018-இல் ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்று குடியிருப்புகளுக்கான விதித்தொகுப்பை வெளியிட்டது. அதன்படி, தளத்தின் மேலுக்கும் கீழுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியாக 1.2 வாட்டுக்கு மேல் சூடு இறங்கக் கூடாது. வெறும் கான்கிரீட் தளத்தில் இது 3-ஐத் தாண்டிவிடும். சுருக்கி போட்டாலும் 1.2-க்கு வராது, வெப்பத்தைத் தடுக்கும் காப்புப் பலகை ஒன்றையும் சேர்க்க வேண்டும். கறாரான விதிதான், வரவேற்கிறேன்.

ஆனால் யாருக்கு? மாநில அரசு தன் கட்டட விதிகளில் சேர்த்தால்தான் அது கட்டாயம். சேர்த்தாலும், அந்த 2018 தொகுப்பின்படி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்குத்தான். நம் கணக்கில் சுமார் 5,380 சதுர அடி, இரண்டு கிரவுண்டுக்கும் மேல் (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி). இந்த மாடியில் நின்று சுற்றிப் பார்க்கிறேன். அவ்வளவு பெரிய மனை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அரை கிரவுண்டு, முக்கால் கிரவுண்டு, அதிகம் போனால் ஒரு கிரவுண்டு. சூட்டைச் சேர்த்துவைக்கும் கூரைகள் எல்லாம் விதிக்கு வெளியே நிற்கின்றன.

தெலங்கானா 2023-இல் தனியாகக் குளிர்கூரை, அதாவது வெயிலைத் திருப்பி அனுப்பும் கூரைக்கான கொள்கையே கொண்டுவந்தது. இந்தியாவில் இந்த விஷயத்தில் துணிந்த மாநிலம் என்றே சொல்வேன். அங்கும் வீடுகளுக்குக் கட்டாயம் என்பது 600 சதுர கஜத்துக்கு மேல்தான். அதாவது 5,400 சதுர அடி. சின்ன வீட்டுக்காரர்களின் வாக்கு என்றால் எல்லா அரசுகளுக்கும் பயம்தான் போலிருக்கிறது.

அந்தப் பயம் தேவையில்லை என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. 2003-இல் ஜெயலலிதா அரசு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, பழைய வீடு, புதிய வீடு, சின்னது, பெரியது என்று எதையும் விடவில்லை. செய்யாவிட்டால் உள்ளாட்சியே செய்து செலவை வரியோடு வசூலிக்கலாம், குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம் என்று சட்டம் சொன்னது. முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் குழாய் பதித்தார்கள். சென்னையில் நிலத்தடி நீர் உயர்ந்தது. பிறகு பராமரிக்காமல் விட்டதும், பெயருக்கு ஒரு குழி தோண்டிப் படம் எடுத்துக்கொண்டதும் வேறு கதை. கூரைக்கு விதி போடும்போது அந்தக் கதையையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: கட்டும்போது மட்டும் பார்த்துவிட்டுப் போனால் வெள்ளை சில வருடங்களில் சாம்பலாகிவிடும்.

தளம் என்றாலே கான்கிரீட், கான்கிரீட் என்றாலே சிமென்ட். அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிமென்ட் ஆலையின் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை, சுண்ணாம்புக்கல்லே சூட்டில் பிரியும்போது வெளிவருகிறது. அதனால் சூரிய மின்சாரத்தில் ஆலையை ஓட்டினாலும் அந்த வாயு நிற்காது. சுட்ட களிமண்ணையும் அரைத்த சுண்ணாம்புக்கல்லையும் சேர்த்து, கிளிங்கரை (அப்படிச் சூளையில் சுட்டெடுக்கும் சிமென்ட்டின் மூலக் கட்டியை) பாதியாகக் குறைக்கும் எல்சி3 சிமென்ட் ஆய்வில் சென்னை ஐஐடிக்கும் பங்கு உண்டு. அதற்குத் தனி வீடியோ தேவைப்படும்.

ஜன்னல் விஷயத்தில் பலர் தவறவிடுவது ஒன்று. தெற்கு ஜன்னலுக்கு சன்ஷேட் போட்டுவிட்டு வடக்கை மொட்டையாக விடுகிறார்கள். சென்னையில் சித்திரை நடுவிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை உச்சி வெயில் வடக்கிலிருந்துதான் வரும். வடக்குக்கும் நிழல் வேண்டும். மேற்கில் வெயில் தாழ வந்து சன்ஷேடுக்கு அடியில் நுழைந்துவிடும். அங்கே ஜன்னலைச் சிறிதாக வையுங்கள், அல்லது படிக்கட்டையும் குளியலறையையும் அந்தப் பக்கம் தள்ளுங்கள். முற்றம் வையுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அரை கிரவுண்டில் சட்டப்படி இடம் விட்ட பிறகு முற்றத்துக்கு எங்கே போவது?

இப்போது ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுபவர்கள் சுயசான்று கொடுத்து இணையவழியில் உடனே அனுமதி பெறலாம். நான் சொல்லும் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு வீடுகளில் பல அந்தப் படிவம் வழியாகப் போகலாம். அதில் ஒரே ஒரு வரி, ‘தளத்தின் மேல் வெள்ளை ஓடு அல்லது வெப்பக் காப்பு அமைக்கப்படும்’ என்று சேர்ப்பதற்குப் புதிய துறையோ குழுவோ தேவையில்லை.

தள வேலை நடந்துகொண்டிருப்பவர்களுக்கு ஒன்று. வெள்ளை ஓடு இந்தப் பக்கம் கிடைக்காது, சிவப்பே போட்டுவிடலாம் என்று மேஸ்திரி சொன்னால், கடைக்கு நீங்களே போய்க் கேளுங்கள்.