திருகோணமலையின் பெயர் தாங்கிய பாய்மரப் போர்க்கப்பல்

நேயர்களுக்கு வணக்கம். பிரித்தானியக் கடற்படையின் பழைய போர்க்கப்பல்களுள் இன்றும் நீரில் மிதந்து நிற்பவற்றில் மிக மூத்தது, இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையிலுள்ள 'டிரிங்கோமாலி'. இலங்கையின் திருகோணமலைத் துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய, ஃபிரிகேட் எனப்படும் விரைவுப் போர்க்கப்பல் வகையைச் சேர்ந்த இக்கப்பல், பம்பாய்க் கப்பல் கட்டும் துறையில், பார்சிகளான வாடியா குடும்பத்தின் தலைமைத் தச்சர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜியின் மேற்பார்வையில் மலபார்த் தேக்கினால் கட்டப்பட்டு, 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறக்கப்பட்டது.

அதன் வரைபடங்களை முதலில் ஏற்றிவந்த 'ஜாவா' என்ற பிரித்தானியப் போர்க்கப்பல், 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் 'கான்ஸ்டிடியூஷன்' கப்பலிடம் தோற்று அழிந்தது. மறுபடி படியெடுத்து அனுப்பிக் கட்டி முடிப்பதற்குள் நெப்போலியனுடனான போரே ஓய்ந்துவிட்டது. ஆகவே 38 பீரங்கிகளுக்கென வடிவமைக்கப்பட்ட இக்கப்பல் 1819இல் போர்ட்ஸ்மத் வந்து சேர்ந்ததும், ஏறத்தாழ கால் நூற்றாண்டு பணியின்றி நிறுத்திவைக்கப்பட்டது.

அவ்வளவு காலம் நின்றும் அது கெடாமல் இருந்ததற்கு முதற்காரணம் தேக்குதான் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இங்கிலாந்தில் கப்பல் கட்டப் பயன்பட்ட ஓக் மரத்திலுள்ள அமிலம் தன்னுள் அடித்த இரும்பாணிகளையே அரித்துவிடும். தேக்கின் எண்ணெய்ப்பசையோ ஆணியையும் காக்கும், மரத்தையும் காக்கும். பம்பாய்த் தச்சர்களின் கைத்திறனுக்குக் கப்பல் வரலாற்றில் உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பதே என் கருத்து.

பீரங்கிகள் 26ஆகக் குறைக்கப்பட்டு, 1847 முதல் 1850 வரை வட அமெரிக்க, மேற்கிந்தியக் கடல்களில் பணியாற்றிய கப்பல், 1852இல் கேப்டன் வாலஸ் ஹூஸ்டனின் தலைமையில் பசிபிக் பெருங்கடலுக்குச் சென்றது. ரஷ்யாவுடனான கிரைமியப் போர்க்காலத்தை அங்கே கழித்த அது 1857இல் திரும்பியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இக்கப்பலின் பெயரால் ஒரு நீர்வழியே வழங்குகிறது. நம் திருகோணமலை அந்நாட்டுக் கடல்வரைபடம் வரை சென்றிருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தரும் செய்தி.

அதன்பின் அது பயிற்சிக் கப்பலாயிற்று. 1897இல் உடைப்பதற்கு விற்கப்பட்டதை வீட்லி காப் என்பவர் வாங்கிக் காப்பாற்றி, 'ஃபூட்ராயான்ட்' எனப் பெயர் மாற்றினார். 1986 வரை இளைஞர்கள் அதில் பயின்றனர். 1987இல் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவரப்பட்டு, 1992இல் பழைய பெயரைத் திரும்பப் பெற்று, 2001இல் சீரமைப்பு முடிந்த இக்கப்பலில், பம்பாயில் பொருத்திய மரத்தின் பெரும்பகுதி இன்றும் அப்படியே இருக்கிறது. நன்றி, வணக்கம்.