மஞ்சள் துறைப் பள்ளி: மொழி தெரியாத பெற்றோர் வளர்த்த வெல்ஷ் பள்ளிக்கூடம்

[காட்சி: கறுப்புத் துணிமேல் ஒரு சிறு மரத்துண்டு]

உள்ளங்கைக்குள் அடங்கும் மரத்துண்டு. ஒரு துளை, அதில் கயிறு. 'டபிள்யூ', 'என்' என்று இரண்டு எழுத்துகள் செதுக்கியிருக்கின்றன. இதன் பெயர் 'வெல்ஷ் நாட்', அதாவது 'வெல்ஷ் கூடாது'. 19ஆம் நூற்றாண்டில், பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸின் பல பள்ளிகளில், சொந்த மொழியான வெல்ஷில் பேசி மாட்டிக்கொண்ட பிள்ளையின் கழுத்தில் இதை மாட்டினார்கள். அந்தப் பிள்ளை, வேறொருவன் வெல்ஷ் பேசுவதைக் கேட்டுவிட்டால் மரத்துண்டு அவன் கழுத்துக்கு மாறும். கடைசி மணி அடிக்கும்போது யார் கழுத்தில் தொங்குகிறதோ அவனுக்குப் பிரம்படி. வாத்தியார் ஒற்றுக் கேட்கவே வேண்டியதில்லை, பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். இதைவிட மலிவான காவல் ஏது?

இதைச் சட்டம் போட்டு யாரும் கட்டாயமாக்கவில்லை. பல ஊர்களில் பெற்றோரே இதற்குத் தலையாட்டினார்கள். ஆங்கிலம் வந்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்ற கணக்கு. 1847இல், வெல்ஷ் அறியாத மூன்று ஆணையர்கள் வேல்ஸ் பள்ளிகளை ஆய்வு செய்து, அந்த மொழியையே முன்னேற்றத்துக்குத் தடை என்று எழுதிவைத்தார்கள். 'நீலப் புத்தகங்களின் துரோகம்' என்று வெல்ஷ் மக்கள் நீல அட்டை போட்ட அந்த அறிக்கையை இன்றும் சொல்கிறார்கள்.

[காட்சி: தாஃப் ஆற்றுப் பள்ளத்தாக்கு, பாண்டிப்ரித் நகரம்]

பெற்றோரால் கைநழுவிய மொழியைப் பின்னொரு காலத்துப் பெற்றோரே பள்ளிக்கூடத்துக்குத் திரும்பக் கொண்டுவந்த கதை இது. இடம், தெற்கு வேல்ஸில் தலைநகர் கார்டிஃபுக்கு வடக்கே உள்ள பாண்டிப்ரித். வேல்ஸின் தேசிய கீதம் பிறந்த ஊர். 1856இல் எவன் ஜேம்ஸ் என்ற நெசவாளர் பாட்டை எழுத, அவர் மகன் ஜேம்ஸ் ஜேம்ஸ் மெட்டமைத்தார். பழைய மொழி நிலைத்திருக்க வேண்டும் என்ற வேண்டுதலோடு அந்தப் பாட்டு முடிகிறது. அதே பள்ளத்தாக்குகளில்தான் நிலக்கரியும் வெளியூர் ஆட்களும் ஆங்கிலமும் வந்து, அடுத்த நூறு ஆண்டுகளில் வெல்ஷ் ஒடுங்கிப்போனது. 1901 கணக்கெடுப்பில் வேல்ஸில் ஏறக்குறைய பாதிப் பேர் வெல்ஷ் பேசினார்கள். 1961இல் அது 26 சதவீதம்.

மாற்றம் சிறிதாகவே தொடங்கியது. 1939இல் அபெரிஸ்ட்வித்தில் இவான் அப் ஓவன் எட்வர்ட்ஸ் ஒரு தனியார் வெல்ஷ் வழித் தொடக்கப் பள்ளியைத் திறந்தார். பிள்ளைகள் 7 பேர், ஆசிரியை நோரா ஐசக். 1944 கல்விச் சட்டம், பெற்றோரின் விருப்பத்தையும் கணக்கில் எடுக்கச் சொன்னது. அந்தப் பிடியை வைத்து 1947இல் லனெல்லியில் அரசு செலவில் முதல் வெல்ஷ் வழித் தொடக்கப் பள்ளி வந்தது.

அந்தப் பிள்ளைகளுக்குப் 11 வயதானதும் கேள்வி எழுந்தது: அடுத்து எங்கே? தாலாட்டுக்கும் தொடக்கப் பள்ளிக்கும் வெல்ஷ் போதும் என்பதை ஒப்புக்கொண்டவர்கள்கூட, மேல்நிலைப் படிப்பு என்றதும் பின்வாங்கினார்கள். துணிந்தது வடகிழக்கில் இருக்கும் ஃபிளின்ட்ஷயர். ஆங்கிலேய எல்லையோரக் கவுண்டி! 1956இல் ரில் நகரில் கிளான் க்ளுயிட் பள்ளி திறந்தது. வெல்ஷ் வழியில் முதல் மேல்நிலைப் பள்ளி அதுதான்.

[காட்சி: ரீட்வெலென் பள்ளியின் பழைய கறுப்பு வெள்ளைப் படம்]

தெற்குக்கு அந்த வாய்ப்பு 1962இல் வந்தது. பாண்டிப்ரித்தை அடுத்து ரீட்வெலென். 'ரீட்' என்றால் ஆற்றைக் கடக்கும் துறை, 'வெலென்' மஞ்சள். மஞ்சள் துறை. அரண்மனை ஒன்றும் கட்டித் தரவில்லை. பழைய குடில்களில்தான் வகுப்பு நடந்தது. முதல் தலைமையாசிரியர் க்விலிம் ஹம்ஃப்ரீஸ். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் வெல்ஷ் எழுத்தாளர் சாண்டர்ஸ் லூயிஸ், இந்தப் போக்கு நீடித்தால் 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெல்ஷ் வழக்கொழிந்துவிடும் என்று வானொலியில் எச்சரித்திருந்தார். ஊரெல்லாம் மொழிக்கு நாள் குறித்துக்கொண்டிருந்தபோது இங்கே சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தார்கள்.

பக்கத்தூர்ப் பிள்ளைகள் மட்டும் வரவில்லை. பல பள்ளத்தாக்குகளிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். காலம் போகப் போக, வீட்டில் ஆங்கிலமே பேசும் குடும்பங்களின் பிள்ளைகளே பெரும்பான்மை ஆனார்கள். அந்தப் பெற்றோரின் நிலையை நினைத்துப் பாருங்கள். மகளின் வரலாற்று நோட்டைப் பிரித்தால் ஒரு வரி புரியாது. அந்த நோட்டு அவர்கள் பாட்டியின் மொழியில் இருக்கும். இத்தனை நம்பிக்கையோடு ஒரு பள்ளியில் கையெழுத்துப் போட எனக்குத் துணிவு வந்திருக்குமா என்று தெரியவில்லை.

[காட்சி: கரும்பலகையில் வெல்ஷ் சொற்கள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன]

உண்மையான சோதனை அறிவியல் வகுப்பில் காத்திருந்தது. தொடக்கக் கால வெல்ஷ் வழிப் பள்ளிகளில் வரலாறு, புவியியல் போன்றவை வெல்ஷில் நடக்கும், கணிதமும் அறிவியலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். பாடநூல் கிடையாது. ஆசிரியர்களே குறிப்புகளை எழுதி, படியெடுத்து விநியோகித்தார்கள். கலைச்சொற்கள் ஆளுக்கொன்றாக இருந்தன. 1973இல் ஜாக் எல். வில்லியம்ஸ் தொகுத்த கலைச்சொல் அகராதி வெளிவந்தது. 1970களிலிருந்து அறிவியலும் படிப்படியாக வெல்ஷுக்கு மாறியது.

சொற்களை எப்படி அமைத்தார்கள் என்று பார்த்தால் சுவையாக இருக்கும். ஆக்சிஜன், 'ஒக்சிகென்'. ஒலியை அப்படியே வாங்கி வெல்ஷ் எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். மின்சாரத்துக்கோ 'ட்ரடன்' என்று சொந்தச் சொல். வேகம் 'பியானெத்', திசைவேகம் 'கவ்லம்தெர்'. பேச்சில் இரண்டையும் 'விரைவு' என்ற ஒரே பொருளில் புழங்கலாம். இயற்பியலில் ஒன்றுக்குத் திசை உண்டு, மற்றதற்கு இல்லை. கைவசம் இருந்த சொற்களையே ஆளுக்கொரு வேலைக்கு அமர்த்திவிட்டார்கள். பிடிவாதக்காரர்களாக இருந்திருந்தால் ஒக்சிகெனையும் விரட்டியிருப்பார்கள். அதைச் செய்யாததால்தான் பிழைத்தார்கள் என்பது என் கட்சி.

இடம் போதாமல் பள்ளி பிரிந்து பிரிந்து வளர்ந்தது. 1974இல் லன்ஹாரி, 1978இல் கார்டிஃபில் கிளான்டாஃப், 1981இல் கும் ரம்னி. 1982இல் எஸ்4சி என்ற வெல்ஷ் தொலைக்காட்சி தொடங்கியதும், இந்த மொழி சம்பளமும் தரும் என்று ஊருக்குப் புரிந்தது.

[காட்சி: இசை நிற்கிறது. எழுத்து மட்டும்: க்லூச்]

ரீட்வெலென் பள்ளியின் வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. அதைத் தாண்டிப் போனால் இது விளம்பரமாகிவிடும். முன்பு அங்கே நாடகம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் மாணவர்களைப் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளாக்கியதாக வழக்கு வந்தது. 2001இல் விசாரணை தொடங்கும் நேரத்தில் அவர் இறந்துபோனார். நீதிமன்றத்தில் சொல்ல முடியாமல் போனதைச் சொல்ல, வேல்ஸின் முதல் குழந்தைகள் ஆணையர் பீட்டர் கிளார்க் பொது விசாரணை நடத்தி 2004இல் அறிக்கை வெளியிட்டார். புகார்கள் எப்படித் தட்டிக்கழிந்தன என்பது அதில் இருக்கிறது. விசாரணையின் பெயர் 'க்லூச்'. வெல்ஷில் அதன் பொருள், 'கேளுங்கள்'.

[காட்சி: சர்ச் வில்லேஜ், புதிய கட்டடம்]

2006இல் பள்ளி சில கிலோமீட்டர் தள்ளி சர்ச் வில்லேஜில் புதிய கட்டடத்துக்குப் போனது. பெயரும் கார்த் ஓலுக் என்று மாறியது. பழைய பெயரை விடக்கூடாது என்று எதிர்ப்பு எழுந்தும் பயனில்லை. 2019இல் தொடக்கப் பள்ளியோடு இணைந்து, 3 வயதுக் குழந்தை முதல் 19 வயது மாணவர் வரை ஒரே பள்ளியில் படிக்கும் இடமானது. 11 வயதில் 'அடுத்து எங்கே?' என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை.

2021 கணக்கெடுப்பில் வேல்ஸில் வெல்ஷ் பேசுவோர் 17.8 சதவீதம். 1961ஐவிடக் குறைவு. ஆனால் சாண்டர்ஸ் லூயிஸ் குறித்த கெடு கடந்துவிட்டது. பாண்டிப்ரித் பக்கத்தில் இன்று காலையும் ஒரு பிள்ளை, அம்மாவிடம் ஆங்கிலத்தில் விடைபெற்று, பஸ்ஸிலிருந்து இறங்கி, ஆசிரியைக்கு 'போரே தா' என்று வெல்ஷில் காலை வணக்கம் சொல்லியிருக்கும்.