புள்ளி ஒண்ணு, நம்பர் ரெண்டு விதம்

(தங்கச்சிமடத்துல வலைக் கொட்டகையில பேசினது, பேசின மாதிரியே எழுதியிருக்கேன்)

எல்லாருக்கும் வணக்கம். பெரியவுகல்லாம் உக்காந்திருக்கீக, கடலப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கு, மேப்பப் பத்திதான் பேச வந்தேன். எங்க தாத்தா ஒரு பாரு, அதான் கடலுக்கடியில இருக்கிற கல்லுத்திட்டு, எங்க கிடக்குன்னு எப்படி வச்சிருந்தாக தெரியுமா, கோயில் கோபுரத்தையும் கரையில ஒரு ஒத்தப்பனையையும் ஒரே நேர்ல கொண்டு வருவாக, அந்தப் பக்கம் பாம்பன் லைட்ஹவுஸையும் இன்னொரு அடையாளத்தையும் நேர் பிடிப்பாக, ரெண்டு கோடும் வெட்டுற இடத்துல நங்கூரம் போட்டா கீழ பாரு. அட்சரேகை தீர்க்கரேகையும் அதே வேலதான், பனை நின்ன இடத்துல இப்ப நம்பர் நிக்குது.

அந்த நம்பர்லதான் சிக்கல். எங்க அண்ணன் மகன் ஒரு நோட்டுல 9, 15.5ன்னு குறிச்சு இன்னொரு போட்டுக்குக் குடுத்தான். இவன் எழுதினது 9 டிகிரி 15.5 நிமிஷம், அந்தப் போட்டுக்காரவுக ஜிபிஎஸ் மிஷின்ல போட்டது 9.155 டிகிரி. ஒரு டிகிரிக்கு 60 நிமிஷம், அப்ப இவன் சொன்னது 9.258. பதினோரு கிலோமீட்டர் தள்ளிப் போயி கல்லுல வலைய விட்டுட்டு வந்தாக, மொத்த வலையும் கிழிஞ்சுபோச்சு.

வலை போனா பின்னிக்கலாம். எல்லைய நெனச்சுப் பாருங்க. நம்ம நாடும் இலங்கையும் போட்ட 1974 எல்லை ஒப்பந்தத்துல பாக் நீரிணைக்கு ஆறு புள்ளி குடுத்திருக்காக, எல்லாமே டிகிரி-நிமிஷக் கணக்கு. நாலாவது புள்ளி 9 டிகிரி 21.80 நிமிஷம் வடக்கு, 79 டிகிரி 30.70 நிமிஷம் கிழக்கு. இத 9.2180, 79.3070ன்னு அடிச்சா அந்தப் புள்ளி 27 கிலோமீட்டருக்கு மேல நகந்து, ராமேஸ்வரம் கோயிலுக்குத் தெக்க வந்து உக்காரும்! எல்லை எந்தப் பக்கம்னே தெரியாமப் போயிரும், இதுக்கு மேல நான் சொல்ல வேண்டாம், பிடிபட்டவுக வீடு எப்படி இருக்கும்னு இந்தக் கொட்டகையில எல்லாருக்கும் தெரியும்.

இன்னொண்ணு, பூமி சரியான உருண்டை கிடையாது, அத எந்த அளவுல எடுத்துக்கிட்டாகங்கிறதும் முக்கியம். நம்ம பழைய சர்வே மேப்பெல்லாம் எவரெஸ்ட் 1830ங்கிற அளவு, ஜிபிஎஸ் பேசுறது டபிள்யூஜிஎஸ் 84. பழைய மேப்புல பாத்த நம்பர அப்படியே மிஷின்ல போட்டா நம்ம கரையில நூறு மீட்டருக்கு மேல தள்ளும். பாருக்குள்ள போட்ட ஓட்டுறவுகளுக்கு நூறு மீட்டர்னா சும்மாவா?

சரி, தட்டையான மேப்புக்கு வருவோம். ஒரு பனங்காய எடுத்து அதுல பேப்பர ஒட்டிப் பாருங்க, எப்படி ஒட்டினாலும் சுருக்கம் விழும் இல்ல கிழியும். உருண்டையத் தட்டையாக்குனா எதாவது ஒண்ண விட்டுக்குடுத்தே ஆகணும், அளவா, வடிவமா, தூரமா, அது போடுறவுக கையில. 1569ல மெர்கேட்டர்ங்கிற மேப்புக்காரர் போட்ட மேப்புல காம்பஸ் கோணம் மாறாது, அதனாலதான் கப்பல்காரவுக இன்னும் விடல, பதிலுக்கு வடக்க போகப் போக எல்லாம் வீங்கும். கிரீன்லாந்து 21.6 லட்சம் சதுர கிலோமீட்டர், நம்ம நாடு 32.8 லட்சம், ஆனா அந்த மேப்புல கிரீன்லாந்து நம்மள விடப் பல மடங்கு பெருசாத் தெரியும். நம்ம 9 டிகிரில நீட்டம் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல, 60 டிகிரில ரெண்டு மடங்கு. அதனால சார்ட்டுல, அதான் கடல் மேப்புல, தூரம் அளக்கிறப்ப ஓரத்துல நிக்கிற அட்சரேகை ஸ்கேல்ல, நீங்க இருக்கிற அட்சரேகைக்கு நேரா அளங்க, ஒரு நிமிஷம் ஒரு கடல்மைல், 1852 மீட்டர்.

இப்ப மிஷின் வச்சிருக்கிறவுகல்லாம் எடுங்க. செட்டிங்குல போயி எந்த முறைன்னு பாருங்க, டிகிரிக்கு அடுத்து வர்ற நிமிஷம் எப்பவும் 60க்குக் கீழதான் இருக்கும். பாத்தாச்சா, இனி யாருக்குப் புள்ளி குடுத்தாலும் நோட்டுல டிகிரி, நிமிஷம்னு அந்த வார்த்தையையும் சேத்து எழுதிக் குடுங்க.