ஐந்து பேர் சலித்து முடியுமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பொய்ச்செய்தியைத் தடுக்கப் பெரிதும் தேவை சட்டமா, பள்ளிக்கூடமா என்பது கேள்வி. சட்டம்தான் என்று சொன்ன எதிரணித் தலைவர், 2024இல் இலங்கையில் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை (Online Safety Act) தூக்கிக் காட்டினார். சரி, அதன்படி எது பொய் என்று தீர்மானிப்பது யார்? ஐந்து பேர் கொண்ட ஓர் ஆணைக்குழு. இரண்டு கோடிப் பேர் ஒருவருக்கொருவர் அனுப்புவதை ஐந்து பேர் எப்போது சலித்து முடிப்பது?

2018 பெப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள். அம்பாறையில் ஒரு முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்திருப்பதாகக் கதை கிளம்பியது. கடையைத் தாக்கினார்கள், பள்ளிவாசலைத் தாக்கினார்கள். அது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை பிறகுதான் வந்தது. மார்ச்சில் கண்டிப் பக்கம் கலவரம் வெடித்ததும் அரசாங்கம் பேஸ்புக்கை முடக்கியது. அதற்குள் வீடுகளும் கடைகளும் எரிந்துவிட்டன. சாப்பாட்டில் கலந்து ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை மருத்துவத்திலேயே இல்லை. “அப்படி ஒரு மாத்திரை இருக்கிறதா?” என்று கேட்கும் பழக்கத்தை எந்தச் சட்டம் ஊட்டும்? விஞ்ஞான வகுப்பு ஊட்டும்.

இப்படிக் கேட்டுப் பார்க்கும் பழக்கம் யாழ்ப்பாணத்துக்குப் புதிதும் அல்ல. மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்ட ஊர் இது. சண்டையில் இறந்தவர்களுக்குக் கொழும்பு வானொலி ஒரு கணக்குச் சொல்லும், விடுதலைப் புலிகளின் வானொலியான புலிகளின் குரல் வேறொரு கணக்குச் சொல்லும். இரண்டையும் கேட்டு, வெளிநாட்டு வானொலிகளான வெரித்தாஸையும் பிபிசி தமிழோசையையும் கேட்டுவிட்டுத்தான் திண்ணையில் கதைப்பார்கள். அந்த ஒப்பிடும் பழக்கம் கைத்தொலைபேசி வைத்திருக்கும் பேரப்பிள்ளைக்குத் தானாக வந்துவிடவில்லை.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 45 பேரை இணையத்தளங்களை எடைபோடச் சொன்னார்கள். 10 வரலாற்றுப் பேராசிரியர்கள், 25 மாணவர்கள், 10 செய்திச் சரிபார்ப்பாளர்கள். பேராசிரியர்களிலும் பலர் ஒரே பக்கத்தை மேலும் கீழும் வாசித்து, அதன் சின்னத்தையும் பெயரையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ உடனே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, அதைப் பற்றி மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடினார்கள். இதற்குப் பட்டம் தேவையில்லை. தரம் 6 பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கலாம்.

உயர்தரத்தில்தான் ஊடகக் கற்கை இருக்கிறதே என்கிறார் எதிரணி நண்பர். இருக்கிறது, விரும்பிய கலைப்பிரிவு மாணவருக்கு. நாளைக்கு டொக்டராகவும் இன்ஜினியராகவும் வரப்போகிற பிள்ளைகளுக்கு? ‘எதையும் நம்பாதே’ என்று பிள்ளைகளைக் கெடுத்துவிடுவோம் என்றும் பயப்படுகிறார். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். எல்லாமே பொய் என்று கைவிரிப்பவனும் தேடிப் பார்க்கப் பஞ்சிப்படுகிறவன்தான். ஆகவே எந்தச் செய்தியை, என்ன ஆதாரத்தில் நம்பலாம் என்பதையும் அதே வகுப்பில் படிப்பிக்க வேண்டும். புதுப் பாடம் கேட்கவில்லை, நடுவர் அவர்களே. வரலாற்றுப் பாடத்திலும் விஞ்ஞானப் பாடத்திலும் கிழமைக்குப் பத்து நிமிடம் கேட்கிறோம். ரியூசனுக்கு ஒதுக்குகிற நேரத்தில் அது ஒரு மூலைக்கும் காணாது. தீர்ப்பை எங்கள் அணிக்குத் தாருங்கள். நன்றி.