உப்பை வழியிலேயே மடக்கும் நெல்

நேயர்களுக்கு வணக்கம். பேச அழைத்த நிலையத்தாருக்கு நன்றி.

பினாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். பால்கனித் தொட்டியில் ஒரு மிளகாய்ச் செடி. ஆசையில் ஒரு பிடி உரத்தை அள்ளிப் போட்டுவிட்டேன். ஒரு வாரத்தில் இலை நுனியெல்லாம் தீயில் வாட்டினாற்போல் கருகிப்போயிற்று. மண் என்னவோ ஈரமாகத்தான் இருந்தது. உரமும் ஒருவகை உப்புதானே! மண்ணில் உப்பு ஏறினால், பக்கத்தில் தண்ணீர் இருந்தும் வேரால் இழுக்க முடியாது. வறட்சிக்கும் உப்புக்கும் செடி பல வகையில் ஒரேமாதிரி நடந்துகொள்வது இதனால்தான்.

பாலிக் பூலாவ் பக்கம் போனால், மழை தள்ளிப்போன சமயத்தில் உச்சிவெயிலில் நெல்வயலைப் பாருங்கள். இலைகள் பாயைச் சுருட்டியதுபோல் நீளவாக்கில் சுருண்டிருக்கும். உள்ளே இன்னொரு வேலையும் நடக்கிறது. அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடி, இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. இன்னொரு பக்கம் 'டிரெப்' வகைப் புரதங்கள் கிளம்புகின்றன. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று புரியும்: விடியற்காலைப் பெரட்டில் ஆள்களை வேலைக்கு ஏவுகிற கங்காணி அவை. ஒரு புரதம் பல மரபணுக்களை ஒரே நேரத்தில் எழுப்பிவிடும். எழுந்தவற்றில் சில, செல்லுக்குள் மற்ற புரதங்கள் காய்ந்து கெடாமல் காக்கும். அதற்காகக் கங்காணி நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தாலும் ஆபத்து. டிரெப் புரதத்தை உருவாக்கும் மரபணுவை ஓயாமல் இயங்கவைத்துப் பார்த்த சோதனைகளில் செடிகள் குட்டையாகிவிட்டன.

உப்பில் இன்னொரு வம்பும் உண்டு. சோடியம், பொட்டாசியத்தின் சாயலில் உள்ளே நுழைந்து, இலை வரை ஏறி, அங்கே வேலையைக் கெடுக்கும். 2005-இல், நோனா போக்ரா என்ற பழைய இந்திய நெல்லில் எஸ்.கே.சி.1 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அது உருவாக்கும் புரதம், நீர் ஏறும் குழாயை ஒட்டிய செல்களில் உட்கார்ந்துகொண்டு, மேலே போகிற சோடியத்தைப் பிடித்து வெளியே இழுத்துவிடுகிறது. உப்பு வேருக்குள் வந்தாலும் இலைக்குப் போய்ச்சேருவது கொஞ்சம்தான். கேரளத்துப் பொக்காலி நெல்லின் உப்புத் தாங்கும் திறனுக்கும், அதன் முதல் குரோமோசோமில், அதாவது மரபணுக்கள் வரிசையாக அமைந்த இழையில், உள்ள 'சால்டால்' என்ற பகுதி ஒரு முக்கியக் காரணம். நம்மில் பலருடைய தாத்தா பாட்டி கப்பலேறிய நாகப்பட்டினத்துப் பக்கமும் உவர் நிலத்துக்கென்றே குழியடிச்சான் என்ற நெல் உண்டு. மரபணு என்ற சொல் பிறக்குமுன்பே விவசாயி பொறுக்கி வைத்த விதைகள் இவை.

இந்தத் திறனை இன்றைய நெல் ரகங்களுக்கும் கொண்டுவருகிறார்கள். "அப்படியானால் இது மரபணு மாற்றிய அரிசியா?" என்று கேட்பீர்கள். சால்டாலைப் பொறுத்தவரை இல்லை. பொக்காலி வழிவந்த நெல்லின் மகரந்தத்தை நல்ல விளைச்சல் தரும் ரகத்தின் பூவில் சேர்க்கிறார்கள், வழக்கமான இனக்கலப்புதான். அதில் முளைத்த நாற்றின் இலையில் ஒரு துணுக்கைக் கிள்ளிச் சோதித்தால், அந்தப் பகுதி வந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். வராத நாற்றுக்கு வயலில் இடமில்லை.